ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சிகிச்சையின் நடுவே துடிப்பு தடுமாறினால்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 68 வயது. போன வாரம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு) அப்லேஷன் நடந்தது. நடுவில் சில விநாடி இதயம் நின்றது, பேஸிங் (மின்தூண்டலால் இதயத்தைத் துடிக்க வைப்பது) கொடுத்தோம் என்றார்கள். தவறு ஏதும் நடந்துவிட்டதா?

பதில்: கேட்டதும் உங்களுக்கு வயிறு கலங்கியிருக்கும். ஆனால் இது பெரும்பாலும் யாருடைய தவறும் அல்ல. அப்லேஷனில், நுரையீரல் சிரைகள் இதயத்தின் இடது மேலறையில் வந்து சேரும் இடத்தைச் சுற்றித்தான் சூடோ குளிரோ மின்துடிப்போ கொடுத்துத் தழும்பு உண்டாக்கி, தாறுமாறான மின்தூண்டல் பரவாமல் தடுக்கிறோம். துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் முடிச்சுகளும் அங்கேயே இருக்கின்றன. அவை சீண்டப்பட்டால் துடிப்பு சட்டென்று குறையும், சிலருக்கு நிற்கவும் செய்யும். மானிட்டரில் கோடு நேராக ஓடும். உடனே நிறுத்திவிட்டு, ஏற்கெனவே உள்ளே இருக்கும் வயர் வழியாகப் பேஸ் செய்வோம், தேவைப்பட்டால் துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்து போடுவோம். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

நான் பயப்படுவது பிரஷர் இறங்கிக்கொண்டே போகும்போதுதான். அப்போது நரம்புதான் காரணம் என்று காத்திருக்கக் கூடாது. இதய உறைக்குள் ரத்தம் கசிகிறதா என்று உடனே எக்கோவில் (இதய ஸ்கேன்) பார்க்க வேண்டும். கசிந்தால் ஊசி வழியாக வடித்தாக வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு ஷாக் கொடுத்துத் துடிப்பைச் சீராக்கலாம் என்கிறார்கள். ஷாக்கே ஆபத்தாகாதா?

பதில்: நேரம் தவறினால் ஆகும். ஈசிஜியில் டி அலை (கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் கட்டம்) வரும் நேரத்தில் ஷாக் விழுந்தால், கீழறைகள் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கிவிடலாம். அதனால்தான் மெஷினில் ஷாக்கைத் துடிப்போடு ஒத்திசைக்கும் 'சிங்க்' பட்டனை அழுத்தி, ஒவ்வொரு ஆர் அலையின் (ஈசிஜியில் துடிப்பைக் காட்டும் கூரான உச்சி) மேலும் குறி விழுகிறதா என்று பார்த்த பிறகே கொடுப்போம். பல மெஷின்களில் ஒரு ஷாக் முடிந்ததும் சிங்க் தானாகவே அணைந்துவிடும். இரண்டாவது ஷாக்குக்கு முன்பும் அதை அழுத்தச் சொல்லி என் குழுவிடம் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்வேன்.

அம்மாவுக்கு முன்பு தலைசுற்றலோ மயக்கமோ வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். படபடப்பு நின்றதும் சிலருக்கு இயல்பான துடிப்பு தொடங்கத் தாமதமாகும். தெரிந்திருந்தால் பேஸிங்குக்குத் தயாராக இருப்போம்.

கேள்வி: ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. பக்கவாதம் வரலாம். ஷாக்குக்குப் பிறகு குறைந்தது 4 வாரமாவது தொடர வேண்டும்.

கேள்வி: அப்லேஷன் முடிந்து இரண்டு வாரத்தில் மறுபடி படபடப்பு. எல்லாம் வீணா சார்?

பதில்: இப்போதே அப்படி முடிவு கட்டாதீர்கள். தழும்பு ஆறும்வரை வீக்கத்தாலேயே துடிப்பு தடுமாறும். முன்பு 3 மாதம் பொறுத்துப் பார்த்தோம், இப்போது 8 வாரம் என்கிறார்கள். ஆனால் பொறுப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல. நாடி சீராகவே 130, 150 என்று ஓடினால் அது ஃப்ளட்டராக (மேலறைகள் சீராக, ஆனால் மிக வேகமாகத் துடிக்கும் கோளாறு) இருக்கலாம். படபடப்பு இருக்கும்போதே பக்கத்து மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து உங்கள் டாக்டருக்கு அனுப்புங்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள். முதல் சில வாரங்களில் காய்ச்சலோ விழுங்கும்போது வலியோ வந்தால், அப்லேஷன் செய்ததைச் சொல்லி அன்றே காட்டுங்கள். உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் நடுவே துளை விழுவது மிக அரிது, ஆனால் உயிரைப் பறிக்கும். அந்தச் சந்தேகம் இருக்கும்போது எண்டோஸ்கோபி செய்யக் கூடாது; முதலில் நெஞ்சு சிடி ஸ்கேன்தான்.