கொலுசுப் பட்டறையும் மைக்ரோவேவ் ஆராய்ச்சியும்: ஒரு தந்தைக்கு

வணக்கம் ஐயா. சனிக்கிழமை பாப்பாவோடு வந்தபோது நீங்கள் அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "இ.சி.இ. முடிச்சா ஐ.டி.ல வேலை இருக்குது. இவ எதுக்கு மைக்ரோவேவ், ஆராய்ச்சின்னு இன்னும் அஞ்சாறு வருஷம் படிக்கணும்?" என்று கேட்டீர்கள். வாசலில் நின்று பதில் சொல்லிவிடக் கூடிய கேள்வி இல்லை அது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறீர்கள். உங்கள் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். மைக்ரோவேவ் என்பது செல்போன் கோபுரம், ரேடார் போன்றவற்றில் பயன்படும், மிக வேகமாக அதிரும் ரேடியோ அலை. இந்த அலைகளைச் சாதாரண ஒயரில் அனுப்பினால் வழியிலேயே வீணாகும். அதனால் நீள்சதுரமான உலோகக் குழாய்க்குள் அனுப்புவார்கள். வேவ்கைடு என்று பெயர். 10 கிகாஹெர்ட்ஸ் (வினாடிக்கு ஆயிரம் கோடி முறை அதிரும்) அலைக்கான குழாயின் உள் அகலம் சுமார் 23 மில்லிமீட்டர், உயரம் 10 மில்லிமீட்டர். நல்ல வேவ்கைடுகளுக்கு உட்புறம் வெள்ளி முலாம் பூசியிருக்கும். இவ்வளவு வேகமாக அதிரும்போது மின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலில் மட்டுமே ஓடுவதுதான் காரணம். வெள்ளியில் அந்தத் தோலின் ஆழம் சுமார் 0.64 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), தலைமுடித் தடிமனில் நூறில் ஒரு பங்கு. முலாம் சொரசொரப்பாக இருந்தால் சிக்னல் குறையும். மெருகு சரியில்லாத கொலுசை நீங்கள் விரலால் தடவியே கண்டுபிடிப்பீர்கள். பாப்பா அதை மீட்டரில் கண்டுபிடிப்பாள்.

ஏற்காடு போகும்போது செல்போன் கோபுரங்களில் மத்தளம் மாதிரி வெள்ளை டிரம்கள் தெரியும், பார்த்திருப்பீர்கள். கோபுரத்துக்குக் கோபுரம் மைக்ரோவேவ் அனுப்பும் ஆன்டெனாக்கள் அவை. அலை நேர்கோட்டில் போவதால் மலையுச்சி தோதான இடம். ஆனால் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக, கனமழையில் சிக்னல் தளர்ந்துவிடும். 2022 ஏலத்தில் 5ஜிக்காக 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் விற்பனையானது. இதற்கெல்லாம் ஆன்டெனா, ஃபில்டர், ஆம்ப்ளிஃபையர் வடிவமைக்க ஆள் வேண்டும். மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களான சென்னை சமீர், பிலானி சீரி, அகமதாபாத்தில் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம், பெங்களூரில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ரேடார் ஆய்வகம் எல்லாம் இந்தத் துறைக்காரர்கள் வேலை செய்யும் இடங்கள்.

கதிர்வீச்சு பற்றிப் பாப்பாவின் அம்மா கேட்டார்கள். மாணவர்கள் ஆய்வகத்தில் மைக்ரோவேவை உண்டாக்கப் பயன்படுத்தும் கன் டையோடு என்ற சிறு சாதனம் தருவது சில மில்லிவாட்தான். எக்ஸ்ரே போல உடலின் அணுக்களை அயனியாக்கும் சக்தி மைக்ரோவேவுக்குக் கிடையாது. பயம் வேண்டாம்.

சரி, பணம். கேட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணோடு ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அப்புறம் பிஎச்.டி.யில் முதல் இரண்டு ஆண்டு 37,000, அதன்பின் 42,000. ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டால் தொடக்கத்தில் பின்தங்கித்தான் இருப்பாள். அதை மறைக்க மாட்டேன்.

என் கவலை வேறு. கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்துச் சேர்த்துவிடாதீர்கள். நேரில் போய் ஆய்வகத்தைப் பாருங்கள். மைக்ரோவேவ் சிக்னலை அளக்கும் வெக்டர் நெட்வொர்க் அனலைசர் என்ற கருவி இருக்கிறதா, எத்தனை கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும், மாணவர்கள் தொடலாமா, இல்லை கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் சிமுலேஷன் மட்டும் செய்து கட்டுரை எழுதும் இடமென்றால், கைக்காசு போட்டு அங்கே பிஎச்.டி. வேண்டவே வேண்டாம். அதற்கு ஐ.டி. வேலையே மேல். செய்து, அளந்து, தப்பு கண்டுபிடித்து மறுபடி செய்யும் இடம் கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள்.

கேட் தேர்வு பிப்ரவரியில் வரும். இந்த ஒரு முறை அவளை நிம்மதியாக எழுத விடுங்கள். மதிப்பெண் வந்ததும் மூவருமாக உட்கார்ந்து ஆய்வகங்களின் பட்டியல் போடுவோம்.