இங்கிலாந்தில் பிரபுக்களின் மாளிகை எஸ்டேட் வாசல்களில் இருக்கும் குட்டி வீடுகள் ஏன் இவ்வளவு அலங்காரமாக இருக்கின்றன?

அந்த வீடுகளை கேட் லாட்ஜ் என்பார்கள். உள்ளே குடியிருந்தது கேட்டைத் திறந்து மூடும் வேலையாளின் குடும்பம், அலங்காரமெல்லாம் சாரட்டில் வரும் விருந்தாளி பார்ப்பதற்கு.

மாளிகை பெரும்பாலும் ரொம்ப உள்ளே, மரங்களுக்குப் பின்னால் இருக்கும். சாலையில் போகிறவனுக்குத் தெரிவது மதிலும் கேட்டும் இந்த வீடும்தான், ஆகவே முதலாளியின் பவிசு முழுவதையும் இதிலேயே காட்டிவிடுவார்கள். 18ஆம் நூற்றாண்டில் கிரேக்க, ரோமானியக் கட்டடங்கள் மேல் மோகம் உச்சத்தில் இருந்ததால் எல்லாம் சமச்சீராக இருந்தாக வேண்டும், எனவே பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு சதுரப் பெட்டி, அந்தப் பக்கம் அதே அளவில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்துதான் ஒரே குடும்பத்துக்கு வீடு! சமையல் ஒன்றில், படுக்கை மற்றதில். ஜனவரி மழையில் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையைக் கடக்க வேண்டும். வரைந்த மகராசன் அங்கே ஒரு ராத்திரி படுத்துப் பார்த்திருக்க மாட்டார்.

இந்த மோகம் எதுவரை போனது என்று பார்க்க பக்கிங்காம்ஷைரில் உள்ள ஸ்டோ என்ற மாளிகைத் தோட்டத்துக்குப் போங்கள். அங்குள்ள கொரிந்தியன் வளைவு 1765-67இல் கட்டியது, வடிவமைத்தவர் உரிமையாளர் டெம்பிள் பிரபுவின் உறவினர் தாமஸ் பிட். உயரம் 60 அடி, அகலமும் 60 அடி. பக்கிங்காம் ஊரிலிருந்து நேர்கோடாக வரும் சாலையில் வளைவுக்கு நடுவே மாளிகை படம் மாட்டியதுபோல் தெரியும், ஆனால் கிட்டே போனால் சாலை பக்கவாட்டில் திரும்பிவிடும், வளைவு காட்சிக்கு மட்டும்தான். முன்னால் நின்றால் ரோமாபுரி வெற்றிச் சின்னம், பக்கவாட்டில் போனால் சாதாரண வீட்டு ஜன்னல்கள்! வளைவின் இரண்டு பக்கச் சுவர்களுக்குள்ளும் மாடி மாடியாக ஆள் குடியிருக்க அறைகள் வைத்திருக்கிறார்கள்.

1800க்கு அப்புறம் ரசனை மாறியது. வைக்கோல் கூரை, பட்டை உரிக்காத மரத்தடியில் வாசல் தூண், கூரை விளிம்பில் செதுக்கிய பலகை, வீட்டுக்குப் பொருந்தாத உயரத்தில் புகைபோக்கி என்று 'அழகான ஏழைக் குடிசை' வேஷம். இதில் உருப்படியான விஷயம் என்று எனக்குப் படுவது ஒன்றுதான்: பல லாட்ஜ்களில் முன் அறை பல கோணமாகப் பிதுங்கியிருக்கும், அடுப்படியிலிருந்து எழாமலே சாலையின் இரு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்க்கலாம். துணி காயப்போடுவது மட்டும் பின்பக்கம்தான், விருந்தாளி கண்ணில் பட்டுவிடக் கூடாதே.

20ஆம் நூற்றாண்டில் வரியும் பராமரிப்புச் செலவும் தாங்காமல் நிறைய மாளிகைகளை இடித்துவிட்டார்கள், வாசல் கட்டடம் மட்டும் பல இடங்களில் தப்பியது. ஸ்டாஃபர்ட்ஷைரில் டிக்ஸால் என்ற இடத்தில் மாளிகை 1920களில் போய்விட்டது. லாட்ஜுக்கெல்லாம் மூத்ததான 16ஆம் நூற்றாண்டு வாசல் கட்டடம் (கேட்ஹவுஸ்) இன்னும் நிற்கிறது, பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அமைப்பு அதை விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறது.