தோட்டத்துப் பக்கம் பாழாய்க் கிடக்கும் ரயில்வே ஸ்டேஷனின் வரலாற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி மலேசியாவில், நெகிரி செம்பிலானின் சிலியாவ் வட்டாரத்திலிருந்து வந்திருப்பதால், சிரம்பான்–போர்ட்டிக்சன் தடத்தை வைத்தே சொல்கிறேன்.

கட்டடத்தை விட்டுவிட்டு முதலில் தடத்தைப் பாருங்கள். இந்தக் கம்பிச்சடக்கை (ரயில் பாதையை) 1891-இல் திறந்தது சுங்கை உஜோங் ரயில்வே என்ற தனியார் கம்பெனி. நீளம் சுமார் 39 கிலோமீட்டர். 1901-இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்) துறைமுகம் திறந்தது. 1903-க்குள் அரசாங்க ரயில் சிரம்பானுக்கு வந்துவிட்டது. சரக்குக்கு வேறு வழி கிடைத்ததும் கம்பெனியின் பிடி தளர்ந்தது. 1908-இல் எப்.எம்.எஸ். (கூட்டு மலாய் மாநிலங்கள்) அரசாங்க ரயில்வே அதை வாங்கிக்கொண்டது. பஸ் வந்ததால்தான் எல்லாம் போனது என்பார்கள். அது பாதிக் கதை. பயணிகள் குறைந்த பிறகும் தடம் பிழைத்துக் கிடந்தது போர்ட்டிக்சன் எண்ணெய் ஆலைகளின் டாங்கி வண்டிகளால்.

தண்டவாளம் மிச்சமிருந்தால் அதன் பக்கச்சுவரில் புடைப்பெழுத்து இருக்கும்: தயாரித்த ஆலை, ஆண்டு, கெஜத்துக்கு எத்தனை பவுண்டு என்று. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, சாக்கட்டியைப் படுக்கப் போட்டு உரசினால் எழுத்து எழும்பும். அந்த ஆண்டைத் தூக்கி ஸ்டேஷன் தலையில் வைத்துவிடாதீர்கள். மெயின் லைனில் கழற்றிய பழைய கம்பியைக் கிளைத் தடத்திலும் சைடிங்கிலும் (வண்டி ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தடத்திலும்) போடுவது ரயில்வே வழக்கம். பிளாட்பாரத்தின் முன்னால் இரண்டு தடத்துக்கு இடமிருந்தால் அங்கே வண்டிகள் மாறிப் போயிருக்கலாம். ஒற்றைத் தடம்தான் என்றால் சும்மா நின்று போகும் இடமாக இருந்திருக்கும்.

ஆவணத்துக்கு அர்கிப் நெகாராவில் (மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில்) எப்.எம்.எஸ். ரயில்வே ஆண்டறிக்கைகளைக் கேளுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளத்திலும் தேடலாம். அங்கே பெயர்தான் காலை வாரும்: 'சுங்கை'யை அன்றைய ஆங்கிலப் பத்திரிகைகள் 'ei' என்று (Sungei) முடித்தன. ஸ்கேன் வேறு எழுத்தைச் சிதைத்திருக்கும். ஸ்டேஷன் பெயர் கிடைக்காவிட்டால் பக்கத்துத் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைப் போடுங்கள். நம்மவர்கள் அழைக்கும் தமிழ்ப் பெயர் அச்சில் வந்திருக்காது.

ரயில்வே நிலத்துக்குள் போக அனுமதி வாங்குங்கள். ஒரு ஆணியைக்கூட எடுக்க வேண்டாம். இரும்புத் திருடர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

பெரியவர்களிடம் வருஷத்தைக் கேட்டால் குழம்புவார்கள். கடைசி ஆள் வண்டி (பயணிகள் ரயில்) ஓடியபோது தோட்டத்தில் பெரிய கிராணி (தலைமைக் குமாஸ்தா) யார், மூத்த பிள்ளை எந்த வகுப்பில் இருந்தது என்று கேளுங்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டு, பத்திரிகையோடு ஒத்துப் பார்க்கலாம்.