கோர்ட்டுக்கு எவ்வளவு அறிவு வேண்டும்? கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: ஒரு வழக்கில் ஆறு வயதுப் பிள்ளைதான் ஒரே சாட்சி. கோர்ட்டில் எடுபடுமா சார்?

பதில்: எடுபடும். சாட்சி சொல்ல இத்தனை வயதாகியிருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்குமே இல்லை. கேட்கிற கேள்வி புரிகிறதா, அதற்குப் பொருத்தமாகப் பதில் வருகிறதா, பழைய சாட்சியச் சட்டத்தின் 118-வது பிரிவும் சரி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தின் 124-வது பிரிவும் சரி, பார்ப்பது அவ்வளவுதான். நீதிபதி முதலில் பிள்ளையிடம் பேச்சுக் கொடுப்பார்: பேர் என்ன, எந்த ஸ்கூல், கூட வந்திருப்பது யார், பொய் சொன்னால் தப்பா இல்லையா. திருப்தி என்றால் அதைப் பதிவு செய்துவிட்டு சாட்சியத்துக்குப் போவார். பிள்ளைக்கு 12 வயது ஆகவில்லை, சத்தியப் பிரமாணம் என்றால் என்னவென்று தெரியவில்லை, ஆனால் உண்மையைத்தான் பேச வேண்டும் என்பது தெரிகிறது என்றால், பிரமாணம் இல்லாமலே விசாரிக்கலாம். தயவுசெய்து வீட்டில் உட்காரவைத்து மனப்பாடம் பண்ண வைக்காதீர்கள், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தோண்டுவதே அதைத்தான்.

கேள்வி: விவாகரத்து நடக்கிறது. யாரோடு இருப்பது என்று என் 9 வயதுப் பையனே சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், ஆனால் அதுவே தீர்ப்பாகிவிடாது. 1890-ம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 17(3): யோசித்து விருப்பம் சொல்லும் அளவுக்கு வளர்ந்த பிள்ளை என்றால் நீதிமன்றம் அதைக் கவனத்தில் எடுக்கலாம். ‘எடுக்கலாம்’, அவ்வளவுதான், பிள்ளையின் நலன்தான் முதலில். சைக்கிள் ஆசை காட்டிக் கூட்டி வந்திருந்தால் நாலு கேள்வியில் வெளியே வந்துவிடும்.

கேள்வி: ஐக்யூ (அறிவுத்திறனை அளக்கும் எண்) குறைவு என்றால் தண்டனை கிடையாதாமே?

பதில்: நம்பரைப் பார்த்து யாரையும் விடுவதில்லை. மனநிலை சரியில்லாததால், செய்யும்போதே தான் செய்வது என்ன என்றோ, அது தப்பு என்றோ அறிய முடியாமல் போனதா என்பதுதான் கேள்வி (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84-வது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-வது பிரிவு). அப்புறம், ‘மனவயது’ எல்லா இடத்திலும் செல்லாது. பாலியல் குற்றத்துக்கு ஆளான, பெருமூளை வாதம் உள்ள 38 வயதுப் பெண்ணுக்கு மனவயது ஆறு முதல் எட்டுதான், எனவே போக்ஸோவில் (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) விசாரியுங்கள் என்று கேட்டபோது, அந்தச் சட்டத்தில் வயது என்றால் உடலின் வயதுதான் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு அது மனதுக்கு ஒட்டாத தீர்ப்புதான், ஆனால் சட்ட வாசகம் அப்படி.

கேள்வி: நீங்கள் பேசுவது மூளை அறிவு. ‘இன்டெலிஜென்ஸ்’ என்றால் உளவு என்றும் அர்த்தம்தானே, ஐபி-யிடம் (மத்திய உளவுத்துறை) ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போட்டால் பதில் வருமா?

பதில்: பொதுவாக வராது. ஆர்டிஐ சட்டத்தின் 24-வது பிரிவு ஐபி, ரா (வெளிநாட்டு உளவு அமைப்பு) போன்ற அமைப்புகளை விலக்கி வைத்திருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு என்றால் மட்டும் விலக்கு கிடையாது. மனித உரிமை விஷயத்தில் மத்தியத் தகவல் ஆணையம் ஒப்புதல் தர வேண்டும், பதிலுக்கு 45 நாள் கெடு. ஆகவே மனுவின் முதல் வரியிலேயே குற்றச்சாட்டு என்ன என்று எழுதிவிடுங்கள்.