3,000 ரூபாய் கொடுத்து வியூஸ் வாங்கலாமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நானே மெட்டுப் போட்டுப் பாடிய மூன்று பாட்டு கையில் இருக்கிறது, வரிகள் நண்பன் எழுதியது. ஒன்றை யூடியூபில் போட்டேன், சொந்தக்காரர்களைத் தாண்டிப் போகவில்லை. 3,000 ரூபாய் கொடுத்தால் 50,000 வியூஸ் வரவைக்கிறேன் என்று இன்ஸ்டாகிராமில் ஒருவர் மெசேஜ் அனுப்புகிறார். கொடுக்கலாமா? இல்லையென்றால் வேறு என்ன செய்வது?"

கொடுக்காதீர்கள். போகிற பணத்தைவிடப் பெரிய நஷ்டம் இதில் இருக்கிறது. உங்கள் பாட்டை அடுத்து யாரிடம் காட்டலாம் என்று யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் முடிவு செய்வது, இதுவரை கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதை வைத்துத்தான்: கடைசிவரை கேட்டார்களா, சேமித்து வைத்தார்களா, மறுநாள் திரும்ப வந்தார்களா. காசுக்கு வரும் வியூஸ் பெரும்பாலும் போலிக் கணக்குகள், இல்லை நாலு நொடியில் ஓடிவிடும் ஆட்கள். அதனால் "இந்தப் பாட்டை யாரும் கேட்பதில்லை" என்பதற்கு நீங்களே காசு கொடுத்துச் சாட்சி சேர்த்த மாதிரி ஆகிவிடும். ஸ்பாட்டிஃபையில் இன்னும் மோசம், போலி ஸ்ட்ரீம்களைக் கணக்கிலிருந்து கழிப்பதோடு 2024 முதல் டிஸ்ட்ரிபியூட்டருக்கு, அதாவது உங்கள் பாட்டை இந்தத் தளங்களில் ஏற்றித் தரும் நிறுவனத்துக்கு, அபராதமும் போடுகிறார்கள், அந்த நிறுவனம் அதை உங்கள் தலையில் கட்டலாம், பாட்டையே தூக்கியும் விடலாம்.

சரி, வேறு என்ன செய்வது? புதிதாக வருகிறவர்களில் பலர் பாட்டை ஏற்றிவிட்டு அப்புறம்தான் விளம்பரத்தை யோசிக்கிறார்கள். வேலை பெரும்பாலும் வெளியீட்டு நாளுக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். மீதி இரண்டு பாட்டையும் அவசரப்பட்டு ஏற்றாமல், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை மாதமாவது இடைவெளி விடுங்கள். வெளியீட்டுத் தேதிக்கு நாலு வாரம் முன்பே டிஸ்ட்ரிபியூட்டரிடம் கொடுத்துவிடுங்கள். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்றவை ஆண்டுக் கட்டணம் வாங்குபவை, ரூட்நோட்டில் இலவசமாகவே ஏற்றலாம், வருமானத்தில் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், தொடக்கத்துக்கு அதுவே போதும். நாலு வாரம் எதற்கு என்றால், ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற கலைஞர்களுக்கான கணக்கு வழியாக அவர்களுடைய ப்ளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைப்பது வெளியாகும் முன்புதான் முடியும், வெளியான பிறகு அந்த வாசல் மூடிவிடும். குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால், அந்தக் குழு தேர்ந்தெடுக்காவிட்டாலும் உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடாரில், அதாவது புதுப் பாட்டுகளை ஸ்பாட்டிஃபையே தொகுத்துக் காட்டும் பட்டியலில், பாட்டு போய்ச் சேரும். ஏற்றும்போது, இன்ஸ்டாகிராமுக்கும் சேர்த்துக் கொடுக்கிறோமா என்று ஒருமுறை பாருங்கள், அப்போதுதான் மற்றவர்கள் ரீல்ஸ் செய்யும்போது பாட்டைத் தேடி எடுக்க முடியும்.

பெயர் விஷயத்தில் கவனம். நம்மூர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஒரு தளத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி என்றால் உங்கள் பாட்டுகள் இரண்டு ஆளுடையது போலப் பிரிந்துவிடும், பொதுவான பெயராக இருந்தால் வேறொருவருடைய பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். முதலில் தேடிப் பாருங்கள், அதே பெயரில் யாராவது இருந்தால் இனிஷியலோ ஊர்ப் பெயரோ சேர்த்து ஒரே எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் வையுங்கள்.

ரீல்ஸில் முன்னிசையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பல்லவியின் முதல் வரியோ, சரணத்தில் குரல் ஏறும் இடமோ, நேராக அங்கேயே தொடங்குங்கள். படம் பிடிக்க ஸ்டுடியோ வேண்டியதில்லை. மாலையில் வண்டிகளை விடாத புதுச்சேரி கடற்கரைச் சாலையோ, தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சோ போதும், ஆனால் காற்று மைக்கைக் கெடுத்துவிடும் என்பதால் ஒலியை மட்டும் வீட்டில் பதிவு செய்ததிலிருந்து எடுத்துப் போடுங்கள். ஒரே பாட்டுக்கு எட்டுப் பத்து ரீல்ஸ் போடுவதில் தப்பே இல்லை, மெட்டு எப்படிப் பிறந்தது, நண்பன் எந்த வரியை மூன்று தடவை மாற்றினான் என்று ஒவ்வொன்றும் வேறு வேறாக இருந்தால் சரி.

நேரில் பாடுவதை விடவே விடாதீர்கள், இணையத்தில் விளம்பரம் என்றாலும் முதல் நூறு உண்மையான கேட்பவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருவார்கள். ஃபெத் த லா மியூசிக் என்ற இசை நாள் 1982இல் பிரான்சில் தொடங்கியது, புதுச்சேரியில் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையம் ஜூன் 21ஐ ஒட்டி அதை நடத்துவது வழக்கம். ஆரோவில் பக்கமும் சின்னச் சின்ன நிகழ்ச்சிகள் உண்டு, உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தானே. பாடி முடித்ததும் கேட்டவர்களிடம் உங்கள் நம்பரைச் சேமிக்கச் சொல்லி அவர்கள் நம்பரையும் வாங்கி வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்டில் சேருங்கள், அவர்கள் போனில் உங்கள் நம்பர் இல்லாவிட்டால் மெசேஜ் போய்ச் சேராது. ஒரு லிஸ்டில் 256 பேர்வரை வைக்கலாம். பாட்டு வெளியாகும் அன்று காலையில் இவர்கள் முழுசாகக் கேட்டால், அது அந்த 50,000 போலி வியூஸைவிட எவ்வளவோ மேல்.

ஏற்கெனவே யூடியூபில் போட்டதை நீக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டாம். தலைப்பையும் தம்ப்நெயிலையும் மாற்றுங்கள், வரிகளைத் தமிழில் முழுதாகக் கீழே போடுங்கள், அது போதும்.

பணத்தைப் பற்றி ஆசை காட்ட எனக்கு மனமில்லை. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டினால்தான் காசு கணக்கே தொடங்கும், யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். அந்த 3,000 ரூபாய் கையில் இருந்தால், வெளியான பாட்டின் நன்றாக ஓடிய ரீலை இன்ஸ்டாகிராமின் சொந்த விளம்பரத்தில் நாளுக்கு 200 ரூபாய் வீதம், கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் பகுதிகளில் தமிழ்ப் பாட்டு கேட்பவர்களுக்கு மட்டும் காட்டுங்கள். ஓடாத ரீலுக்குப் பணம் போடாதீர்கள்.

அப்புறம் வரி எழுதிய நண்பர். பாட்டு வெளியாகும் முன்பே யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இப்போது காசு இல்லாததால் சங்கடமாகத் தோன்றும், ஆனால் காசு வந்த பிறகு இதைப் பேசுவது அதைவிடக் கஷ்டம். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள ராயல்டி உரிமையை அவர்களே நினைத்தாலும் வெளியாருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது, வாரிசுகளும் பதிப்புரிமைச் சங்கமும்தான் விதிவிலக்கு. அந்த ராயல்டியை வசூலித்துத் தரும் சங்கம் ஐபிஆர்எஸ், நீங்கள் இருவரும் தனித்தனியாக அதில் உறுப்பினராகச் சேர விண்ணப்பியுங்கள்.