வைட்டமின் டி கொடுத்தும் கால் நிமிரவில்லையே, ஏன்?

கேள்வி: என் இரண்டு வயது மகளுக்குக் கால்கள் வளைந்திருக்கின்றன. குன்றக்குடியில் முடி இறக்கிய பிறகு தலைமுடி முளைக்கவே இல்லை, புருவமும் உதிர்ந்துவிட்டது. 60,000 யூனிட் வைட்டமின் டி பலமுறை கொடுத்தும் பலனில்லை. மரபணு ரிப்போர்ட்டில் ‘விடிஆர், ஆர்73க்யூ, ஹோமோசைகஸ்’ என்று இருக்கிறது. நாங்கள் அத்தை மகன், மாமன் மகள். டோஸைக் கூட்டலாமா? அடுத்த குழந்தைக்கும் வருமா?
- ஒரு தாய், காரைக்குடி

பதில்: கூட்ட வேண்டாம். 6 லட்சம் யூனிட் ஊசியும் வேண்டாம். குறை வைட்டமினில் இல்லை, அதன் கட்டளையை வாங்கிச் செயல்படுத்தும் ஏற்பி என்ற புரதத்தில் இருக்கிறது. குழந்தையை வெயிலில் காட்டவில்லை என்று வீட்டில் யாராவது உங்களைக் குறை சொல்லியிருந்தால் அது நியாயமே இல்லை.

வைட்டமின் டி கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாறி, கால்சிட்ரியால் என்ற ஹார்மோன் ஆகிறது. அதன் ஏற்பியான விடிஆர், 427 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். பின்பகுதியில் ஹார்மோன் உட்காரும் குழி. முன்பகுதியில் துத்தநாகம் தாங்கிய இரண்டு ‘விரல்கள்’ டிஎன்ஏவைப் பற்றும். பற்றினால்தான் குடல் கால்சியத்தை இழுக்கும்.

ரிப்போர்ட்டில் உள்ள 73, இந்த அமினோ அமில வரிசையில் 73-ஆம் இடம். அது இரண்டாவது விரலில் வருகிறது. அங்கே இருக்க வேண்டிய ஆர்ஜினின் நேர்மின்னூட்டம் உள்ளது. டிஎன்ஏவின் வெளிப்புறமோ எதிர்மின்னூட்டம். அந்த ஈர்ப்பில்தான் பிடி நிற்கிறது. உங்கள் மகளுக்கு அங்கே இருப்பது மின்னூட்டமில்லாத குளுட்டமின். ஹார்மோன் குழியில் சரியாகவே உட்காரும், ஆனால் ஏற்பியின் பிடி டிஎன்ஏவில் வழுக்கிவிடும். 1988-லேயே விவரிக்கப்பட்ட மாற்றம் இது.

இடம் மாறினால் கதையும் மாறும். 305-ஆம் இடத்து ஹிஸ்டிடின் குளுட்டமினானால் ஹார்மோனைப் பிடிக்கும் வலு சில மடங்குதான் குறையும். அதிக டோஸ் கால்சிட்ரியாலால் ஈடுகட்ட வாய்ப்புண்டு. 274-இல் ஆர்ஜினின் லியூசினானால் வலு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு சரியும். 420-இல் குளுட்டமேட் லைசினானால் ஹார்மோன் ஒட்டும், ஆனால் அடுத்து வந்து சேர வேண்டிய துணைப் புரதம் ஒட்டாது. அதனால் ‘விடிஆர் குறை’ என்று மட்டும் சொல்லி மருந்து கேட்காதீர்கள். ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைக் காட்டுங்கள்.

ரத்தத்தில் கால்சிட்ரியால் அளவையும் பார்த்துவிடுங்கள். இந்த நோயில் அது மிக அதிகமாக இருக்கும். கால்சியம் குறைந்து, பாராதைராய்டு ஹார்மோன் கூடியிருக்கும். கால்சிட்ரியாலும் குறைவென்றால் அதை உருவாக்கும் சிறுநீரக என்சைமில் குறையா என்று யோசிக்க வேண்டும்.

சிகிச்சை, ஏற்பியைச் சுற்றிக்கொண்டு கால்சியத்தை நேரே ரத்தத்தில் சேர்ப்பது. பெரிய ரத்தக்குழாயில் குழாய் பொருத்தி, இரவு முழுக்க மெதுவாக ஏற்றுவார்கள். பல மாதங்கள் ஆகும். கைநரம்பில் ஏற்றினால் கசிந்து தோல் வெந்துபோகலாம். பாஸ்பேட்டுடன் கலந்தால் படிந்துவிடும். குழாயில் கிருமித் தொற்று, சிறுநீரகத்தில் கல் இரண்டையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். குழந்தை மருத்துவர் போதாது; மதுரையில் குழந்தைகள் ஹார்மோன் நிபுணரைப் பாருங்கள்.

எலும்பு தேறியதும் வாய்வழி கால்சியம், அதுவும் பெரிய அளவில். ஏற்பியின் உதவியில்லாமல் குடலில் தானாகக் கசிந்து உள்ளே போகும் பங்கை நம்பித்தான் இது. மாத்திரை வாங்கும்போது கவனியுங்கள்: 1,250 மி.கி. கால்சியம் கார்பனேட்டில் உண்மையான கால்சியம் 500 மி.கி.தான். கேழ்வரகுக் கூழ் தாராளமாகக் கொடுக்கலாம்; ஆனால் 100 கிராம் மாவில் சுமார் 350 மி.கி.தான் இருக்கிறது, அது மட்டும் போதாது. கை விறைத்தாலோ வலிப்பு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

எலும்பு சரியானாலும் முடி முளைப்பது அரிது. மயிர்க்கால்களுக்குத் தேவை ஹார்மோன் அல்ல, அந்த ஏற்பியே. மொட்டை போட்டதால் வந்தது அல்ல.

மகளிடம் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் குறையுள்ளவை; ‘ஹோமோசைகஸ்’ என்பது அதுதான். உங்கள் இருவரிடமும் குறையுள்ள பிரதி ஒன்று, நல்ல பிரதி ஒன்று. அதனால் உங்களுக்கு நோய் இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 11 முதல் 13 வாரத்துக்குள் நச்சுக்கொடித் திசுவைச் சோதித்து அறியலாம். அது வேண்டாமென்றால், பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் இதே மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கால் வளையும் முன்பே கால்சியத்தைத் தொடங்கலாம்.