வயது குறைந்துகொண்டே போகும் மனிதன்: ‘பெஞ்சமின் பட்டன்’ பற்றி உங்கள் கேள்விகள்

போன ஞாயிறு எங்கள் திரைப்பட வட்டத்தில் டேவிட் ஃபிஞ்சர் இயக்கிய ‘தி க்யூரியஸ் கேஸ் ஆஃப் பெஞ்சமின் பட்டன்’ (2008) திரையிட்டோம். முதல் உலகப் போர் முடிந்த இரவில் நியூ ஆர்லியன்ஸில் ஒரு குழந்தை கிழட்டு உடம்போடு பிறக்கிறது. வருடம் போகப் போக உடம்பு இளமையாகிறது. பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். கேள்வி கேளுங்கள் என்றேன், குவிந்துவிட்டன. படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவு வரைக்கும் பேசப்போகிறேன்.

கே: அக்கா, இதுக்கா ரெண்டே முக்கால் மணி நேரம்? நடுவுல தூங்கிட்டேன்.

166 நிமிடம். நீளம்தான், மறுக்கவில்லை. இழுவைப் படகில் போகிற பகுதியைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். ஆனால் ரஷ்யத் துறைமுக ஊரான மர்மான்ஸ்க்கின் ஓட்டல் இரவுகளை வெட்டச் சொன்னால் சண்டைக்கு வருவேன். ஊரே தூங்கும் நேரத்தில் இரண்டு பேர் தேநீரை வைத்துக்கொண்டு விடிய விடியப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். டில்டா ஸ்விண்டன் நடித்த அந்தப் பெண் இளம் வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கப் பார்த்து முடியாமல் திரும்பியவள். பிறகு 68 வயதில் கடக்கிறாள். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது பெஞ்சமினின் முகத்தைக் கவனியுங்கள்.

ஒரு வேண்டுகோள்: இந்தப் படத்தைத் துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள். ஆஸ்பத்திரிக் காட்சிகளை ஓட்டிவிடவே கூடாது.

கே: இது நிஜமாகவே இருக்கிற நோயா? ‘பா’ படத்தில் அமிதாப்புக்கு வருமே, அதுவா?

இல்லை. ‘பா’ (2009) படத்தில் வருவது புரொஜீரியா. எல்எம்என்ஏ என்ற மரபணுவில் ஏற்படும் பிழையால் வருவது, மிக மிக அரிது. அந்தக் குழந்தைகள் குழந்தையாகவே பிறந்து வேகமாக முதுமையின் அடையாளங்களைப் பெறுகிறார்கள். அவர்களுக்கு இளமை திரும்புவதில்லை, பெரும்பாலோர் பதின்வயதைத் தாண்டுவதும் இல்லை. பெஞ்சமினுக்கு நடப்பது கற்பனை. அந்தக் குழந்தைகளைப் பார்த்து யாரும் ‘பெஞ்சமின் பட்டன் நோய்’ என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து.

கே: கிழவனாக நடித்தது பிராட் பிட்டா, வேறு யாராவதா? மேக்கப்பா?

எனக்குப் பிடித்த கேள்வி. முதல் 52 நிமிடம் நீங்கள் பார்க்கும் பெஞ்சமினின் தலை முழுக்கக் கணினியில் உருவாக்கியது. உடம்பு வேறு நடிகர்களுடையது. வெவ்வேறு உயரத்தில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, தலையில் நீல நிற முக்காடு போட்டு நடிக்க வைத்தார்கள். பிராட் பிட்டின் முக வார்ப்பை வைத்து அறுபது, எழுபது, எண்பது வயது மாதிரிகளைச் சிற்பமாகச் செய்து, அவற்றைக் கணினிக்குள் கொண்டுபோனார்கள். பிட் பின்னால் தனியாக உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டே முகத்தால் மட்டும் நடித்தார். அந்த அசைவுகள் கிழ முகத்தில் ஏறின. இப்படி 300 ஷாட்டுக்கு மேல். டிஜிட்டல் டொமைன் நிறுவனத்தார் செய்த வேலை இது.

அதற்குப் பின் வரும் வயதுகளில் நிஜ ஒப்பனையும் நிறைய உண்டு. 13 ஆஸ்கர் பரிந்துரை பெற்று மூன்றே மூன்று வென்ற படம். கலை இயக்கம், ஒப்பனை, காட்சி விளைவு. மூன்றும் நியாயமானவை. அடுத்த முறை பார்க்கும்போது சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கிழவனின் கண்ணை மட்டும் பாருங்கள். ஏழு வயதுப் பையனின் ஆர்வம் அதில் இருக்கும்.

கே: அந்த வருஷம் இசைக்கான ஆஸ்கர் ரஹ்மானுக்குப் போனது சரியா?

சரி. இந்தப் படத்துக்கு அலெக்ஸாந்த்ர் டெஸ்ப்ளா போட்ட இசையும் அருமையானது. பியானோ வரும் இடங்களைத் தனியாகக் கேளுங்கள்.

கே: மூலக்கதை படித்தேன். படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையே?

அமெரிக்க எழுத்தாளர் ஃபிட்ஸ்ஜெரால்டு 1922இல் எழுதிய சிறுகதை. களம் பால்டிமோர், பிறப்பு 1860. அதில் பெஞ்சமின் பிறக்கும்போதே தாடியோடு, பேசத் தெரிந்த கிழவன். மனைவிக்கு வயதாக ஆக அவள்மேல் அவனுக்கு அலுப்புத் தட்டுகிறது. அவன் சிறுவனாகிவிட்ட பிறகு சொந்த மகனே அவனிடம் “என்னை மாமா என்று கூப்பிடு” என்கிறான். ஊர் என்ன சொல்லுமோ என்ற வெட்கம். அந்த ஒரு வரியில் இருக்கும் குரூரம் படத்தில் எங்கும் இல்லை. படத்தைத் தேடிக் கதைக்குப் போனால் ஏமாறுவீர்கள். தனியாகப் படியுங்கள், நல்ல கதை.

கே: ‘ஃபாரஸ்ட் கம்ப்’ மாதிரியே இருக்கு.

இரண்டுக்கும் திரைக்கதை எரிக் ராத். அம்மாவின் பழமொழி, படகுக் கேப்டன், போர், வந்து வந்து போகும் காதலி என எல்லாம் அங்கேயும் உண்டு. இந்தக் குறையை ஏற்றுக்கொள்கிறேன்.

கே: குவீனி ஒரு கறுப்பினப் பெண். 1918இல், அந்த ஊரில், வெள்ளைக் குழந்தையை வளர்க்கிறாள். யாருமே ஒன்றும் சொல்லவில்லையே?

படத்தின்மேல் எனக்கிருக்கும் பெரிய வருத்தம் இதுதான். நிறப்பிரிவினைச் சட்டங்கள் நடந்துகொண்டிருந்த ஊர் அது. பேருந்தில், பள்ளியில், உணவகத்தில் இடம் பிரித்து வைத்திருந்த காலம். படம் அதை மெத்தென்று கடந்துபோகிறது. தராஜி ஹென்சனின் நடிப்பு அந்தப் பாத்திரத்தைக் காப்பாற்றுகிறது. எழுத்து காப்பாற்றவில்லை.

கே: மேடம், இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்களா?

இரண்டாவது பதிலைப் பாருங்கள்.

கே: பின்னோக்கி ஓடும் கடிகாரம் எதற்கு?

பார்வையற்ற கடிகாரக்காரர் ரயில் நிலையத்துக்குச் செய்து கொடுப்பது. போரில் செத்த மகன் காலம் திரும்பினால் எழுந்து வருவானே என்ற ஏக்கம்.

கே: பெஞ்சமின் காதலி டெய்சியையும் ஒரு வயதுக் குழந்தையையும் விட்டுவிட்டுப் போனது சரியா? எங்கள் வீட்டில் சண்டையே வந்துவிட்டது.

தப்பு. என் பதில் இதுதான்.

அவன் சொல்லும் காரணம் தெரியும்: “குழந்தைக்கு ஒரு அப்பா வேண்டும், கூட விளையாட இன்னொரு குழந்தை வேண்டாம்.” கேட்க நியாயமாக இருக்கிறது. சொத்தையெல்லாம் விற்றுப் பணத்தை அவர்களுக்கு வைத்துவிட்டு ராத்திரியில் கிளம்புகிறான். டெய்சி படுக்கையில் விழித்தபடி பார்க்கிறாள். அவளிடம் சம்மதம் கேட்டானா? அவளால் இரண்டு பேரை வளர்க்க முடியாது என்று அவனே முடிவு செய்துவிட்டான். கடைசியில் நடந்தது என்ன? பன்னிரண்டு வயதுப் பையன் தோற்றத்தில், நினைவு தப்பிய நிலையில் அவனைக் கண்டெடுத்து டெய்சிக்குத்தான் தகவல் சொல்கிறார்கள். அறுபதைத் தாண்டியவள் வந்து, அவனுக்குக் கதை படித்து, கைபிடித்து நடத்தி, 2003இல் கைக்குழந்தையாக மடியில் சாகும் வரை வளர்க்கிறாள். அவளால் முடியாது என்று அவன் நினைத்ததை அவள் செய்து காட்டிவிட்டாள். ஆக, அவன் மிச்சப்படுத்தியது எதை?

கே: அக்கா, நீங்கள் சொல்வது அநியாயம். மகளுக்குப் பதினெட்டு ஆகும்போது அப்பாவுக்கும் அதே வயது தோற்றம். ஸ்கூலில் அவள் என்ன சொல்லுவாள்? அவன் செய்தது தியாகம்.

ஊர் என்ன சொல்லும் என்பதுதானே அந்தச் சிறுகதையின் மகனுக்கும் கவலை? மகள் கேரலைன் கேட்பதைக் கேளுங்கள். 2005, கத்ரீனா புயல் வந்துகொண்டிருக்கிறது, அம்மா சாகக் கிடக்கிறாள், பெஞ்சமினின் நாட்குறிப்பைப் படிக்கும்போதுதான் தன் அப்பா யாரென்று தெரிகிறது. நன்றியா சொன்னாள்? இப்படியா எனக்குச் சொல்வது என்று கொதிக்கிறாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவன் எழுதிய அஞ்சலட்டைகளை அப்போதுதான் கையில் எடுக்கிறாள். தியாகம் என்றால் யாருக்காகச் செய்தானோ அவளுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கே: நினைவு தப்பியவரைப் பார்த்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாமல் பேசுகிறீர்கள்.

தெரியும். நாலு வருடமாக அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் டம்ளரை வாங்கிக் கழுவப் போவேன், டம்ளர் இன்னும் சூடாக இருக்கும், “எனக்கு மட்டும் காபி குடுக்கல” என்பாள். ஒரு நாள் அதற்காக என்னைத் திருடி என்றாள். படத்தில் அந்தப் பையன், சாப்பிட்ட பத்து நிமிடத்தில், காலைச் சாப்பாடு தரவில்லை, எல்லாரும் பொய் சொல்கிறீர்கள் என்று கத்தும் இடத்தில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. எழுதியவருக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் கடைசிக் கால் மணி நேரத்தை ஓட்டாமல் பாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். அழகான பிராட் பிட் மோட்டார் சைக்கிளில் போவதோடு படம் முடிந்தது என்று எழுந்து போனவர்கள் பாதிதான் பார்த்திருக்கிறார்கள்.

கஷ்டம்தான். அதற்காக அம்மா என்னிடம் கேட்காமல் எங்காவது போயிருந்தால், அவளை மன்னித்திருக்க மாட்டேன்.

கே: எந்த ஓடிடியில் இருக்கு?

உங்கள் சந்தாவில் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

கே: குழந்தைகளோடு பார்க்கலாமா?

பதின்மூன்றுக்கு மேல் என்றால் சரி. விலைமாதர் விடுதிக் காட்சி ஒன்று உண்டு.

கே: புரொஜீரியா வந்தவர்கள் இப்படித்தான்...

இரண்டாவது பதில். இதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

கே: அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. இந்தப் படத்தைப் பார்க்கலாமா அக்கா?

இப்போது வேண்டாம், அதுவும் தனியாக வேண்டவே வேண்டாம்மா. பார்த்தே ஆக வேண்டும் என்றால் அம்மாவையோ தோழியையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். கடைசியில் அந்தக் கைக்குழந்தை டெய்சியை நிமிர்ந்து பார்க்கும். தன்னை அடையாளம் தெரிந்துகொண்டான் என்று அவள் சொல்வாள். பிறகு தூங்கப்போவதுபோல் கண்ணை மூடும். அந்த இடத்தில் அழுகை வந்தால் அடக்காதே. நடுவில் நிறுத்த வேண்டும்போல் இருந்தாலும் நிறுத்திவிடு. துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள் என்று மேலே சொன்னது உனக்கில்லை.